பார்க்கவேண்டிய ஏழு இடங்கள்

லோரன்ஸ் வீதியில், நகைக்கடைக்கும்
பல் வைத்தியருக்கும் நடுவில் எங்கள் ரிக்கற் கடை.
பெப்ரவரி. கால்மிதியெல்லாம் உப்பு.
கண்ணாடியில் ஒட்டிய கடற்கரைப் படத்தில்
வெயில் பட்டுப் பட்டு
தென்னைகள் நீலமாகிவிட்டன.

வாங்குகிற ஆட்களுக்கு
நகரத்துக்கு ஒரு தாள் கொடுப்பேன்:
பார்க்கவேண்டியவை, செய்யவேண்டியவை.
நானே தட்டெழுதியது.
கிங்ஸ்ரன், பிரிஜ்ரவுன், ஹவானா
ஒன்றுக்கும் நான் போனதில்லை.
எல்லாமே எனக்கு
பன்னிரண்டாம் அளவு எழுத்து.

மார்வா இரவு வேலை முடிந்து வந்தாள்,
டயலிசிஸ் பிரிவின் அடையாள அட்டை
கழுத்தில் இன்னும் தொங்க.
போர்ட் ஒவ் ஸ்பெயின். நான்கு நாள். மலிவானது எது?
அச்சு இயந்திரம் முனகிக்கொண்டிருக்க
தாளை நீட்டினேன்.
பிறந்த ஊருக்கே வழி சொல்கிறாயா என்று
சிரித்தாள். பிறகு
கண்ணாடி போட்டுக்கொண்டு திருத்த இருந்தாள்.

ஒன்று, சவானாப் புல்வெளி. சுற்றி நடக்கலாம், இளநீர் குடிக்கலாம்.
'முதல் வண்டியில் குடிக்காதே.
மூன்றாவதில் இடதுகையால் வெட்டுகிறவனிடம் குடி.'
இரண்டு, அதன் மேற்குக் கரையில் ஏழு பழைய மாளிகைகள்.
'அதில் ஒன்று பள்ளிக்கூடம். என் தம்பியை
இரண்டு தரம் வெளியே நிறுத்திய இடம்.'
மூன்று, சாய்ந்த கலங்கரை விளக்கம்.
'கடல் அதை விட்டுப் போய் எவ்வளவு காலம்!
இப்போது லொறிகளுக்கு நடுவில் நிற்கிறது,
பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி.'

நான்காவதில்தான் கோபம் வந்தது.
டபிள்ஸ் என்று போட்டு
பக்கத்தில் 'சிற்றுண்டி' என்று எழுதியிருந்தேன்.
'சிற்றுண்டியா?
விடிய ஆறு மணிக்கு, தெருவில்,
குனிந்து தின்னவேண்டியது அது.
நிமிர்ந்தாயோ, சட்டை போச்சு.'
என்ன போடுவீர்கள் என்று கேட்டேன்.
கடலை, சீரகம், மஞ்சள், உறைப்பு.
அது எங்கட சாமானல்லோ என்றேன்.
இல்லை, எங்களுடையது என்றாள்.

ஆங்கிலத்தில் சொன்னாள்.
அந்தச் சொல்லுக்குள்
நான் இருக்கிறேனா, வெளியே நிற்கிறேனா
என்று பிடிபடவில்லை.
தமிழாயிருந்தால் ஒரு சொல்லில் தெரிந்திருக்கும்:
எங்களுடையதா, நம்முடையதா.

ஐந்து, ஆறு, ஏழை அவள் வாசிக்கவில்லை.
வியாழக்கிழமை பத்து மணிக்கு
சட்டத்தரணி கந்தோரில் கையெழுத்து,
பெல்மொன்ற் வீடு விலைப்பட்டுவிட்டது,
தம்பி ஏற்கெனவே வைத்துவிட்டான்,
மிச்சம் என்னுடையதுதான் என்றாள்.
ஜன்னல் ஆசனம் வேண்டுமா என்று கேட்டேன்.
நடைபாதைப் பக்கம் போதும் என்றாள்.

மார்ச்சில் திரும்பி வந்தாள்,
உறைப்புச் சோஸ் போத்தல் ஒன்றுடன்.
மூடி கசிந்து
சுற்றியிருந்த தாளெல்லாம் மஞ்சள்.
அது என்னுடைய தாள்.
நான்காவதுக்கு நேரே மட்டும் மூன்று புள்ளடி.
பின்பக்கத்தில் பேனையால்:

எட்டு. பெல்மொன்ற், கார் நுழையாத சந்து.
பச்சைக் கதவு இப்போது வெள்ளை.
எதிர்ப்பக்கம் நின்று பார்க்கலாம். கட்டணம் இல்லை.
ஒன்பது. தட்டாமல் திரும்பலாம்.

எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை.
சரியான வெக்கை என்று
அவளாகவே சொன்னாள்.

போத்தல் கடையின் குளிர்ப்பெட்டியில்
பால் பைக்குப் பக்கத்தில் இருக்கிறது.
மட்டம் குறைந்துகொண்டே வருகிறது.
முதலாளியில் எனக்குச் சந்தேகம்.

போன கிழமை நிரோஜனும் புதுப் பெண்சாதியும்
தேனிலவுக்கு அதே ஊர் கேட்டு வந்தார்கள்.
கணினி படுத்துவிட்டது. இருந்த அந்த ஒரு தாளை
பிரதியெடுக்கக் கொடுத்தேன்.
இரண்டு பக்கமும் எடுக்கும்படி
யாரோ அமத்தி விட்டிருந்தார்கள்.
நானும் நிறுத்தவில்லை.

பெடியன் திருப்பித் திருப்பி வாசித்தான்.
'அக்கா, இந்த எட்டாவதுக்கு
எந்த பஸ் எடுக்கவேணும்?'

நடந்துதான் போகவேணும் என்றேன்,
போன ஆள் மாதிரி.