ஓரெழுத்து

குரோனிங்கனில் நவம்பர்.
கால்வாய்மேல் மூடுபனி; சைக்கிள்கள்
கண்ணில் படுமுன் மணியோசையாக வருகின்றன.
நான்காம் மாடியில் மட்டும்
இருபத்தைந்து டிகிரி, ஆண்டு முழுக்கக் கோடை.
சோளமாவும் வெல்லப்பாகும் ஈஸ்டும் வேகும் வாசம்
சீட்ஸ்கேயின் கம்பளிச் சட்டையை விட்டுப் போவதில்லை.
பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்
ரொட்டிக்கடையில் வேலையா என்று கேட்டார்.
ஆமாம் என்றாள். அது சுலபம்.

குழாய்க்கு இருபது ஈ. பஞ்சடைப்பு.
மேசைமேல் மூன்று தட்டு.
அடியில் விழுந்ததெல்லாம் மேலே ஏறும்,
யாரும் கற்றுத் தந்ததில்லை.
எட்டு சென்டிமீட்டரில் சிவப்புக் கோடு. பத்து நொடி.
தாண்டியவற்றை எண்ணு. எழுது. மறுபடி தட்டு.

நோயுள்ளவையும் ஏறத்தான் பார்க்கின்றன.
ஒரு விரற்கடை. பிறகு வழுக்கல்,
எங்கே வைத்தோம் என்பதைக்
காலே மறந்துவிட்டாற்போல்.

ஈ. தமிழில் அது ஒரே எழுத்து.
கொடு என்றும் பொருள்.
சீட்ஸ்கேக்கு இது தெரியாது.
அவளுக்குத் தெரிந்த எழுத்து வேறு:
அப்பாவின் அணுக்களில் பிறழ்ந்து கிடந்து
தம்பி ஹில்கேயிடம் வந்தது,
அவளிடம் வராமல் போனது.
நாணயம் சுண்டுவது மாதிரி, என்றார் மருத்துவர்.
அந்த நாணயம்
அவள் பையில் இன்னும் கனக்கிறது.

அதே பிழையை ஈக்குள் எழுதியிருக்கிறார்கள்.
பிழைபட்ட நொதி சோம்பேறியல்ல.
பிடித்ததை விடுவதில்லை, அவ்வளவுதான்.
கைமாற்றித் தர வேண்டிய சிறு மூலக்கூறை
மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறது;
புரதம் கட்டும் இடத்தில் வரிசை தேங்குகிறது.
மிக நீண்ட நரம்புக்கே முதல் அடி.
பாதம். அப்புறம் விரல்கள்.
பற்றை விடு என்ற துறவிகள்
இவ்வளவு சிறிய பற்றை நினைத்திருக்க மாட்டார்கள்.

பறிக்க முடியவில்லை.
ஆகவே, இன்னும் கொடுத்துப் பார்த்தார்கள்.
அது வேண்டிய மட்டும் கட்டிக்கொள்ளட்டும்,
மிச்சம் மற்றவர்க்கு.

எந்தக் குழாயில் எது என்று
எண்ணுகிறவளுக்குச் சொல்வதில்லை.
ஆசை கண்ணில் ஏறினால் கணக்கு கெடும்.
பதினேழாம் குழாயில் பதினெட்டு ஏறின.
அவள் எழுந்துபோய் முகம் கழுவி வந்தாள்.
ஒன்பதாம் குழாயில் ஏழு.
எழுதினாள். கொட்டாவிகூட விட்டாள்.

வெள்ளிக்கிழமை உறையைப் பிரித்தார்கள்.
பதினேழில் இருந்தவை நோயே இல்லாதவை.
ஒன்பதுதான் அது.
வழக்கமாக இரண்டு ஏறுமிடத்தில் ஏழு.
"மறுபடி செய்து பார்ப்போம்" என்றார் ரூலோஃப்.
அவரிடம் அது கைதட்டல்.

"இருபதுக்கு ஏழா?" என்றான் ஹில்கே,
"பள்ளியில் என் கணக்கு மதிப்பெண்."
சட்டைப் பொத்தான்களைக் கைவிட்டு
காந்தத்துக்கு மாறியவன்.
சைக்கிள் கடையில் இப்போது கல்லாவில்தான் உட்காருகிறான்.
"ஈக்கு எத்தனை நாள் ஆயுசு?"
"அறுபது. சில நேரம் எழுபது."
"எனக்கு அவ்வளவு அவசரமில்லை என்று சொல்லு."

இந்த ஊர் மாடிப்படி ஏணிக்குத் தங்கை.
பதின்மூன்று படி, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு.
அவன் ஏறுகிறான்:
முழங்கால் உயர்கிறது, பாதம் தொங்குகிறது,
பிறகு பலகைமேல் தட்டென்று விழுகிறது.
கோப்பை கழுவும் சீட்ஸ்கே
திரும்பிப் பார்ப்பதில்லை.
வீட்டில் எண்ணுவதில்லை என்று
தனக்குத்தானே போட்ட விதி.

தட்.

தட்.

நுரைக்குள்
விரல்கள் ஒவ்வொன்றாய் மடங்குகின்றன.