ஓர் எழுத்து

டே ஆற்றுப் பாலத்தில் ரயில் போகும் சத்தம் கேட்டது.
அடுத்துக் கேட்டது, கெட்டில் கொதிக்கும் சத்தம்.
இரண்டுக்கும் நடுவே
செவ்வாய் போய் வெள்ளி வந்திருந்தது.

இன்னஸ் கண்ணாடியில் நாக்கை நீட்டுகிறான்.
நீலம்.
சமையலறையில் பாதி உரித்த உருளைக்கிழங்குகள்
கறுத்துக் கிடக்கின்றன.
கத்தி அவனுடையது. கட்டைவிரல் வெட்டும்.
போனில் பதினோரு அழைப்புகள்,
அத்தனையிலும் பேசியிருக்கிறான்.
அக்கா மோர்வெனோடு நாற்பது நிமிடம்.
என்ன பேசினேன் என்று
அவளிடமே எப்படிக் கேட்பது?

பவுண்டுக்கு இரண்டு.
மருந்துக்கடை மாத்திரை போலவே
நடுவில் கோடு கிழித்து, பாலித்தீன் பையில்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்;
இதை அளந்தவர் யாருமில்லை.
ஏதோ ஒரு கராஜில், சிமென்ட் கலக்கும் எந்திரத்தில்
சாக்பீஸ் தூளோடு சுழன்று வந்தது.
ஒன்றில் ஒன்றுமே இருக்காது.
ஒன்றில் ஒரு வாரமே இருக்கும்.

நகரத்தின் மறுகோடியில்
ஆய்வகத் திரையில் ஒரு முகடு எழுகிறது.
ஐல்சா பட்டியலில் தேடுகிறாள். இல்லை.
போன வருடம் தடைசெய்ததற்குத் தம்பியாக இருக்கலாம்:
குளோரின் உட்கார்ந்த இடத்தில்
புரோமின் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.
சட்டத்தின் மை காய்வதற்குள்
அடுத்தவன் பிறந்துவிடுகிறான்,
பெயர் வைக்க ஆளில்லாமல்.

எனக்கு வேதியியல் தெரியாது.
என் மொழியில் மட்டும் செய்து பார்த்தேன்.
மருந்து.
ஓர் எழுத்தை எடுத்துவிட்டு
அதன் இடத்தில் வேறொன்றை வைத்தால்
மறந்து.

திரையில் எழுந்தது மன்ரோவின் ரத்தம்.
வயது இருபத்தாறு.
புதன்கிழமை, இன்னஸின் சோபாவில்.

மன்ரோவின் அம்மா ஷீனா கதவைத் தட்டுகிறாள்.
அழவில்லை. மழைக்கோட்டைக் கழற்றவும் இல்லை.
"நீதானே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாய்.
நீதானே கூட இருந்தாய்.
கடைசியாக என்ன சொன்னான்?"

அப்போதுதான் கவனிக்கிறான்:
சோபாவில் மூன்று மெத்தைகள் இருந்தன.
இப்போது இரண்டு.
பல்லுக்குப் பின்னால் நீலத்தை மறைத்துக்கொண்டு
நெடுநேரம் நிற்கிறான்.

"பசிக்கிறது என்றான்" என்கிறான்.
பொய்யா, அவனுக்கே தெரியாது.

ஷீனா சமையலறைக்குள் போகிறாள்.
கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட
கறுத்ததை வெட்டி எறிந்துவிட்டு
மீதியை உரிக்கத் தொடங்குகிறாள்.