நாலு வீதம்

கோயில் ஒலிபெருக்கி பத்தரைக்கு ஓய்ந்தது.
விடுதித் தண்ணி மோட்டர் பதினொன்றுக்கு.
பலாலி வீதியில் கடைசி லொறியும் போகட்டும் என்று
கதவைப் பூட்டிவிட்டுக் காத்திருந்தோம்,
நானும் குருநகர் றெஜினோல்டும்.

மேசை என்றால்
யாரோ வீட்டுக் குசினிக்கு வெட்டி மிஞ்சின கருங்கல் பலகை.
அடியில் நாலு சைக்கிள் ரியூப், பாதிக் காற்றோடு.
லேசர் நோர்வேக்காரர் கழித்துத் தந்தது.
பளிங்கு மட்டும் புதிது:
லிதியம் நயோபேற், கொஞ்சம் இரும்பு கலந்து
பனங்கற்கண்டு நிறம்.

ஒரு துடிப்பை இரண்டாக்கி
இரண்டு வழியால் அனுப்பி
உள்ளே ஒரே நேரம் சந்திக்க வைக்க வேண்டும்.
ஒரே நேரம் என்றால்
நூறு ஃபெம்ரோ செக்கன்.
அதற்குள் வெளிச்சமே
தலைமயிரின் பாதித் தடிப்பைத் தாண்டாது.
ஒன்று முந்தினால் இரண்டும் சும்மா வெளிச்சம்,
கோடு விழாது.
மூன்று இரவாய் விழவில்லை.
திருகை ஒரு பொட்டுத் திருப்பினேன், திருப்பினதைத் திருப்பினேன்.
றெஜி தும்மக்கூட வெளியே போனான்.

நடக்கிறது இதுதான்:
வெளிச்ச வரியில் இருக்கிற எலக்ட்ரன்
எழும்பி நகர்ந்து
இருட்டு வரியில் போய்க் குந்தும்.
பரா வெளிச்சம் இறங்கின இரவுகளில் நாங்களும்
வேலியோரத்து நிழலுக்குத்தான் ஓடினோம்.
அதை இதோடு சேர்க்கக் கூடாது.
சேர்த்துவிட்டேன்.
விட்டுப்போன வெறுமைக்கும் போய்ச் சேர்ந்த நெரிசலுக்கும் நடுவில்
ஓர் இழுவை உண்டாகும்;
அந்த இழுவைதான் எழுத்து.

ஒன்று ஐம்பதுக்கு
ஒரு கதிரைக் கையால் மறைத்தேன்.
மறைத்த கதிர் விழ வேண்டிய சுவரில்
பச்சையாய் ஒரு புள்ளி.
மங்கல்தான். ஆனால் இருந்தது.
நாலு வீதம் என்றது மீற்றர்.

றெஜி கத்தவில்லை. "இன்னொருக்கா, மிஸ்" என்றான்.
காட்டினேன்.
காவலுக்கு நின்ற சதானந்தம் அண்ணையைக் கூட்டிவந்தான்.
காட்டினேன்.
மூன்று வீதம். ஒன்றரை.
வாசிக்கிற வெளிச்சமும் வெளிச்சம்தானே,
குந்தினதை மறுபடி எழுப்பும்.

சூடாக்கினால் நிலைக்கும், நூற்றைம்பது பாகையில்.
எங்கள் சூளை மாசியிலிருந்து பழுது.
"மாமாவின்ர பேக்கரியில போறணை இருக்கு."
பாண் வேகிற சூட்டில் இது வெடிக்கும் என்றேன்.
சிரித்தான். கேட்டது பகிடிக்கு இல்லை.

மிச்சத்தைக் கறுப்புக் கடதாசியில் சுற்றி
பிஸ்கற் ரின்னுக்குள் வைத்தேன்.
காலமை பேராசிரியர் வருவார்.
இருக்குதோ என்பார். ஓம் என்பேன்.
காட்டும் பாப்பம் என்றால்
காட்டத்தான் வேண்டும்.

றெஜி பம்மை எடுத்துக் குனிந்தான்.
ஒரு ரியூப் சாதுவாய் இறங்கியிருந்தது.