உனக்கு வெறும் மூக்குதான்

உனக்கு வெறும் மூக்குதான், கிளெம்.
எனக்குத்தான் நெஞ்சு.
இப்படிப் பங்கு பிரித்திருந்தோம்
நிலத்தைப் பிரிப்பதற்கு வெகுமுன்பே.

நவம்பர் பிறந்தால் டிம்பூலாவில்
ரைப்புல் பூக்கும்.
உன் தும்மலை எண்ணிப் பந்தயம் கட்டுவோம்.
பதினொன்று. ஒருமுறை பதினான்கு.
டிராக்டரை நிறுத்திவிட்டுத் தும்முவாய்,
கண்ணைக் கசக்கிக் கசக்கி
அழுதவன் போல வீட்டுக்குள் வருவாய்.
வைக்கோல் காய்ச்சல் என்று பேர் அதற்கு.
வைக்கோலும் காரணமில்லை, காய்ச்சலும் கிடையாது.
யாரோ தப்பாக வைத்த பேர்
உன்மேல் ஒட்டிக்கொண்டது.

எனக்கோ தலைமாட்டில் இரண்டு பம்ப்.
ஆரஞ்சு, காலையும் இரவும்.
நீலம், ஆபத்துக்கு.
பள்ளியில் ஓட்டப்பந்தயம் என்றால்
கொடி பிடிக்கிற வேலை.
பாவம் பெர்னிஸ் என்பார்கள்.
பாவம் கிளெம் என்று யாரும் சொன்னதில்லை.
தும்முகிறவனைப் பார்த்தால் சிரிப்புத்தானே வருகிறது.

அம்மாவின் ஆல்பத்தில் ஒரு படம்:
நீ எட்டு மாதம், நான் மூன்று வயது.
இருவர் கைகளிலும் காலுறை.
குளிருக்கு அல்ல, சொறியாமலிருக்க.
முழங்கை மடிப்பில், முட்டிக்குப் பின்னால்
இருவருக்கும் கரப்பான் சிவந்து கிடக்கிறது.
பிறகு எனக்கு முட்டை ஆகவில்லை.
திருமதி நோஸ்கி தந்த கேக்கில் ஒரே ஒரு கடி,
உதடு பன்னாய் உப்பியது.
பிறகு மூக்கு. பிறகு மார்பு.
தோலில் கிளம்பியது
என்னிடம் நிற்காமல் உள்ளே நடந்தது.
உன்னிடம் மூக்கு வாசலிலேயே
பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டது
என்று நினைத்தோம்.

அன்று நாற்பது டிகிரி, வடக்குக் காற்று.
வேலிக்கம்பியைத் தொட்டால் சுட்டது.
ஐந்தரைக்கு மேற்கே கறுத்தது.
குளிர்ச்சி வருகிறது என்று நீ
சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டு
பீரோடு வராந்தாவில் நின்றாய்.
முதல் இடி. பிறகு ஒரு புழுதிச் சுவர்.
மழைக்கு முன்னால் ஓடிவந்த அந்தக் காற்றில்
மகரந்தம் முழுசாக இல்லை;
ஈரம் குடித்து, வெடித்து,
மூக்கின் மயிரில் சிக்காத பொடியாகியிருந்தது.
இதெல்லாம் அப்போது நமக்குத் தெரியாது.

"தும்மல் நின்னுபோச்சு, பெர்ன்" என்றாய்,
சந்தோஷமாக.
பிறகு கதவு நிலையைப் பிடித்தாய்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
முப்பத்தெட்டு வருஷமாக எனக்குள் குடியிருப்பது.
இன்னொருவர் மார்பில் கேட்டதில்லை.
என் வீட்டுப் பூனை
அடுத்த வீட்டில் கத்துவதுபோல இருந்தது.

நீலத்தை எடுத்தேன். குழாயில் பொருத்தினேன்.
நான்கு அழுத்தல்,
ஒவ்வொன்றுக்கும் நான்கு மூச்சு,
நான்கு நிமிடம், மறுபடி.
எல்லா ஆம்புலன்ஸும் வெளியே போயிருக்கிறது,
விடாமல் கொடுங்கள் என்றாள் போனில் ஒருத்தி.
"எனக்கு ஆஸ்துமா கிடையாது" என்றாய்,
சொல்லுக்கு ஒரு மூச்சாகச் செலவழித்து,
விலாசம் தவறி வந்த தபாலைத் திருப்புகிறவன் போல.
நான் வாதாடவில்லை.
நான்கு. நான்கு. நான்கு.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை
ஹார்ஷம் ஆஸ்பத்திரி வாசலில்தான் கவனித்தேன்.
காலையும் இரவும் ஆரஞ்சு;
சலித்துக்கொண்டே நான் பூட்டிவந்த கதவு.
உன் கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லை.
அது கதவென்றே உனக்கு யாரும் சொல்லவில்லை.

விடிகாலை டாக்டர் வந்தார்,
அப்பா காலத்து மண் வாய்க்கால்களைப் பார்த்து வளர்ந்தவர்.
ஒரே வாய்க்கால்தான் என்றார்,
தலைமடை மூக்கு, கடைமடை நுரையீரல்.
மேலே கலங்கினால்
கீழே தெளிந்திருக்கும் என்று எப்படி நம்பினீர்கள்?
பதில் என்னிடம் இருந்தது, சொல்லவில்லை:
சிரித்துக்கொண்டிருந்தோம், டாக்டர்.

முகமூடியைக் கழற்றியதும்
படுக்கையில் தும்மினாய்.
பழக்கதோஷம், எண்ணினேன். ஏழு.
ஒவ்வொன்றுக்கும் பிறகு
மூச்சை உள்ளே இழுக்கிறாயா என்று பார்த்து
அப்புறம்தான்
அடுத்த எண்ணுக்குப் போனேன்.