உவர்

கச்சேரியில் எட்டாம் இலக்க யன்னல்.
என் துண்டில் நாற்பத்தொன்று.
மின்விசிறி சுற்றுகிறது, காற்றுத்தான் வரவில்லை.

பிறந்த இடம் என்ற கட்டத்தில்
கும்மிடிப்பூண்டி முகாம், ஏழாம் வரிசை, பத்தாம் கொட்டில்
என்று எழுதியிருந்தேன்.
"இது இடமில்லைப் பிள்ளை" என்றார் எழுதுவினைஞர்,
பேனையின் பின்புறத்தால் அதைத் தட்டி.
பிறகு பக்கத்து மேசைக்கு:
"இந்தியாக்காரி."

சிரிப்பு வந்தது.
இருபத்தொன்பது வருஷம் அங்கே என் பெயர்
சிலோன்காரி.
கணக்கெடுப்பு நாளில் கல்லூரிக்கு மட்டம் போட்டு
ஏட்டையா முன் நின்று
தலையைக் காட்டி அரிசி வாங்கியவள்.
அம்மா செத்த மறுநாள்
அவள் பெயரை அடித்துவிட்டு
"ஒரு தலை கம்மி" என்றார்.
கெட்டவரல்ல. பால் தெளிக்கக் காசும் கொடுத்தார்.

வாங்கில் என் பக்கத்தில் நாற்பத்திரண்டு.
மஹ்ரூப், புத்தளத்திலிருந்து இரவு பஸ்.
மடியில் பிஸ்கட் தகரம், அதற்குள் காணி உறுதி.
அவரிடமும் கேட்டார்களாம்:
"இவ்வளவு காலமா எங்கை போனியள்?"
போனோமா, என்று என்னிடம் கேட்டார்.

தொண்ணூறு ஒக்டோபர்.
எனக்கு அப்போது வயது பதினொரு நாள், கடலுக்கு அப்பால்.
ஒலிபெருக்கி இரண்டு மணித்தியாலம் தந்தது,
தமிழில்தான் தந்தது.
மைதானத்து வாசலில்
மகளின் காதில் தோட்டைக் கழற்றிய பெடியன்
இவரிடம் ஐந்தாம் வகுப்பில் கணக்குப் படித்தவன்.
"கழித்தலில் கெட்டிக்காரன்" என்றார்.
சிரிப்பதா தெரியாமல் துண்டைப் பார்த்தேன்.

"எங்கை இருக்கிறியள்?"
சோனகதெரு, பள்ளிக்குப் பின் ஒழுங்கை, பச்சைக் கேற்.
வாடகைதான்.
கொழும்பில் யாரோ ஒருவர் கணக்குக்குப் போகிறது.

தகரத்தின் மூடியை அவர் அழுத்தி மூடினார்,
அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

"கிணறு கிழக்கு மூலையிலோ?"
"ம்."
"தண்ணி?"
"கொஞ்சம் உவர். தேத்தண்ணி திரையுது."
"ஓம். வாப்பா மவுத்தாகும்வரை அதுதான் குறை."

நாற்பத்தொன்று என்றார்கள்.
நிரந்தர முகவரிக் கட்டம் இன்னும் வெறுமை.
வீட்டு இலக்கம் எனக்குத் தெரியாது,
கேற்றில் அதன்மேல் பச்சை அடித்துவிட்டார்கள்.

"பதினேழின் கீழ் இரண்டு" என்றார்.

என் பேனை எழுதவில்லை.
தன்னுடையதை உதறித் தந்தார்.