பன்னிரண்டு கஜம்

குல்னா சணல் ஆலை அணியில்
ஒன்பதாம் எண், தொஃபசல்.
சம்பளம் மூன்று மாதம் பாக்கி;
கோல் மட்டும் பாக்கி வைத்ததில்லை.

டாக்காவுக்குப் போன வருஷம்
ஒரே ஒரு பெனால்டி,
கம்பத்துக்கு மேலே.
அன்றிரவு ரிக்‌ஷாக்காரர்
முகம் பார்த்ததும் இறங்கச் சொன்னார்.
மழை. நடந்தான்.

முழங்காலில் இரண்டு முறை கத்தி.
பிறகு விசில், ஸ்டாப்வாட்ச்,
சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம்.
தாண்டினால் அபராதம்.
வலது காலுக்கு அது ஏறவில்லை;
நான்கு தடவை கட்டியாயிற்று.

இன்று எண்பத்தொன்பதாம் நிமிடம்.
பந்தைப் புள்ளியில் வைத்துவிட்டு
ரிப்பன் பெஞ்சைப் பார்க்கிறான்:
எந்தப் பக்கம்?

தொஃபசல் குனிகிறார்,
லேஸ் இறுக்க.
போட்டிருப்பது செருப்பு.

கூச்சல் எழுகிறது.
எந்தக் கூச்சல் என்று
கேட்டதுமே பிரிக்கத் தெரிந்தவர்,
இன்னும் நிமிரவில்லை.