பல்லடம் வாசல்

இருபத்துநாலு நாட்டுக்கும் இருபத்துநாலு வாசல்.
எனக்கு வாய்த்தது ஆறாவது,
பல்லடத்துக்குத் தெற்கே
தறி விற்றுப்போன கொட்டகை.
தகரக் கூரை, நடுவில் குழி.
சனிக்கிழமை சம்பளம் வாங்கின கையோடு
ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுவார்கள்
பூதங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு.

எங்களுக்கும் படிகள் உண்டு.
கூண்டு கழுவுகிறவன் கூண்டாள்.
குழிக்குள் கால் வைத்துவிட்டால் இறங்கி.
மூன்று பொத்தான் சேர்ந்தால் பேர் சொல்லிக் கூப்பிடுவோம்,
அதுவரை ஊர்தான் பேர்:
"ஏய் அவிநாசி", "ஏய் காங்கயம்".
பன்னிரண்டு சேர்ந்தால் உட்கார நாற்காலி.
அதற்கு மேலே வாசல்காரர்.
வாசலுக்கு மேலே நால்வர்.
நால்வருக்கும் மேலே ஒருத்தர் இருக்கிறாராம்,
சென்னிமலைப் பக்கம் கோழிப்பண்ணை வைத்துக்கொண்டு.
நான் பார்த்ததில்லை.

வாசல்காரருக்கு ஒரே சட்டம்:
வந்தவனிடம் எத்தனை பொத்தானோ
அத்தனைக்குத் தகுந்த பூதத்தைத்தான் இறக்க வேண்டும்.
என்னிடம் காற்றாடி எருமை இருக்கிறது.
ஆடி மாதம், கணவாய்க் காற்று அடிக்கையில்
பூளவாடிக் காட்டில் பிடித்தது.
மூன்று கொம்பு. சுற்றினால் கூரை போய்விடும்.
நாலு வருஷமாகக் கட்டுத்தறியில் நிற்கிறது.
இரண்டு பொத்தான்காரனுக்குப்
பஞ்சாந்தை போதும்,
மில் கழிவில் பிறந்தது, தும்மினால் பாதி உதிரும்.

போன வருஷம் நூற்றுப் பன்னிரண்டு தரம் தோற்றிருக்கிறேன்.
நோட்டில் இருக்கிறது.

போன வாரம் வந்தவன் சென்னியப்பன்.
எங்கள் கம்பெனி லைன் சூப்பர்வைசர்.
நான் காஜா மெஷினில், என் முதுகுக்குப் பின்னால் அவன்.
ஒண்ணுக்குப் போனால் மணி பார்ப்பான்.
அன்றைக்குச் சாக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
"வாசல்காரங்க எங்கீங்க?" என்றான்.
கூண்டாள் என்னைக் காட்டினான்.
சாக்கு முனகியது. அவன் முனகவில்லை.

எருமை கால் மாற்றி நின்றது.
கயிற்று முடிச்சு என் கைக்கெட்டும் தூரம்.
தப்பிவிட்டது என்று எழுதிக்கொள்ளலாம்.
ஒரு கண்ணி உருவியும் விட்டேன்.
பிறகு திரும்பப் போட்டேன்.

அவனுடையது நொய்யல் விலாங்கு,
சாயத் தண்ணீரில் வளர்ந்தது,
ஆர்டருக்குத் தகுந்தபடி நிறம் மாறும். அன்றைக்கு ஊதா.
முதல் அடியிலேயே ஆந்தை
அதன் கண்ணைப் பஞ்சால் அடைத்தது.
விலாங்கு சுருண்டது. கூட்டம் எண்ண ஆரம்பித்தது.
கத்துவான் என்று நினைத்தேன்.
குழி விளிம்பில் குப்புறப் படுத்து
"எந்திரி சாமி, ஒண்ணும் அவசரமில்ல" என்றான்.
எட்டு வருஷத்தில் அந்தக் குரலை
லைனில் ஒருவரும் கேட்டதில்லை.
ஒன்பதில் எழுந்தது.
அடுத்த நிமிஷம் என் மடியெல்லாம் பஞ்சு.

பித்தளைப் பொத்தானை வாசல்காரிதான் தைக்க வேண்டும்,
சட்டையைக் கழற்றாமல்,
நுனியை மடக்கி உள்பக்கமாக.
நாலு ஓட்டை, எட்டு இழை.
நூலைப் பல்லால் கடித்தபோது
மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்,
ஆடிட்காரர் வந்த அன்றைக்கு நாங்கள் நிற்கிற மாதிரி.
மூன்றாவது பொத்தான் அது.
"சென்னியப்பா, நோட்டில் கையெழுத்துப் போடு" என்றேன்.
போட்டான்.

திங்கட்கிழமை மெஷின் பக்கத்தில் வந்து
"நாப்பது பீஸ் கொறையுதுங்க" என்றான்.
லைன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது
அந்த 'ங்க'வை.
செவ்வாய்க்கிழமை அது இல்லை.
குறைந்தது என்னவோ அதே நாற்பதுதான்.

நால்வரில் ஒரு இடம் காலியாம்.
கடிதம் வந்து மூன்று வாரம்.
அங்கே எருமையை இறக்கலாம்.
யாரிடமும் தோற்க வேண்டியதில்லை.
மடித்து நூல்கண்டுப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.
பொத்தான் எண்ணும்போது தட்டுப்படுகிறது.
இந்தச் சனிக்கிழமைக்கு
ஏழாவது வேண்டியிருக்கும் போல.